270 ரூபாய் எலிக்கூண்டு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகள் நிறைந்த தெருவில், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் எவர்சில்வர் அண்டாக்களுக்கும் நடுவே கயிற்றில் தொங்கிக் கொண்டிருந்த இரும்புக் கம்பிவலை எலிக்கூண்டு ஒன்றைச் சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் 270 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு நிறுவன முத்திரை இல்லை, அட்டைப்பெட்டி இல்லை, செய்முறை விளக்கத் தாளும் இல்லை. இந்த ஓராண்டில் 11 எலிகளும் 4 மூஞ்சூறுகளும் 2 அணில்களும் அதில் அகப்பட்டன. எலித்தொல்லைக்காக நான் இதுவரை செலவழித்த பணத்தில் உருப்படியான செலவு இது ஒன்றுதான் என்று எண்ணுவதால், இதன் நிறைகளையும் குறைகளையும் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது ஓடு வேய்ந்த பழைய வீடு. முற்றம், தாழ்வாரம், கூடம், சமையற்கட்டு, அதற்கு மேலே பரண், பின்னால் கொல்லை என எலி குடியிருக்க வேண்டிய வசதிகள் எல்லாம் இங்கே உண்டு. குறுவை அறுவடை முடிந்து, அடுத்த நடவுக்காக வயலில் தண்ணீர் கட்டும்போது வரப்பு வளைகளுக்குள் நீர் புகுந்து வயல் எலிகள் மேட்டைத் தேடி வரும் என்றும், அடைமழை தொடங்கினால் சாக்கடையோரத்து எலிகளும் வீட்டுக்குள் ஏறிவிடும் என்றும் என் மாமியார் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். அவருடைய சிறு வயதில் கிட்டி வைப்பவர்கள் சாயங்காலம் வந்து, வில் போல வளைத்த மூங்கிலில் சுருக்குக் கட்டிய பொறிகளை வரப்பெங்கும் நட்டுவிட்டுப் போவார்களாம். விடிந்ததும் பிடிபட்ட எலிகளை எண்ணிக் கூலி வாங்கிக் கொள்வார்களாம். தஞ்சாவூர்க் கிட்டி என்று இன்றும் விவசாயிகள் சொல்வது அதைத்தான். வயலுக்கு அது பொருந்தும், பரணுக்குப் பொருந்தாது. சென்ற ஆண்டு பரணில் குடியேறிய எலி, குளிர்பதனப் பெட்டியின் வயரைக் கடித்து, இரண்டு அரிசிச் சாக்குகளைத் துளைத்து, என் மகளின் பள்ளிப் பையில் மறந்துபோய் இருந்த ஒரு கடலை மிட்டாய்க்காகப் பையையே கிழித்த பிறகுதான் நான் கடைக்குப் போனேன்.

முதலில் வாங்கியது கூண்டு அன்று, பசை அட்டை. 60 ரூபாய். புத்தகத்தைப் போல விரித்து வைத்தால் உள்ளே தேன் நிறத்தில் பசை இருக்கும். விஷம் இல்லை, வாடை இல்லை, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றார்கள். நானும் அதை நம்பித்தான் அடுப்பு மேடைக்குக் கீழே விரித்து வைத்தேன். முதல் நாள் காலையில் அதில் இரண்டு கரப்பான்களும் ஒரு பல்லியும் ஒட்டிக் கிடந்தன. பல்லிக்கு உயிர் இருந்தது. இரண்டாம் நாள் விடியற்காலையில் சமையற்கட்டிலிருந்து கீச்சென்ற குரல் தொடர்ந்து கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் அது எலியே இல்லை, மூஞ்சூறு. வயிறு முழுவதும் பசையில் பதிந்து, கூரிய மூக்கின் ஒரு பக்கமும் ஒட்டிக்கொண்டு, மறுபக்கத்தால் மூச்சு விட்டுக் கொண்டிருந்தது. இழுக்க இழுக்கப் பசை நூல் நூலாக நீண்டதே தவிர விடவில்லை. கரண்டியில் நல்லெண்ணெய் எடுத்து ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, பழந்துணியால் நீவி, அதைப் பிரித்தெடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயிற்றுப் பக்கத்து மயிரும் தோலில் ஒரு துண்டும் அட்டையிலேயே தங்கிவிட்டன. கொல்லையில் வாழைக்கன்றின் நிழலில் கொண்டுபோய் விட்டேன். நண்பகலுக்குள் அது இறந்துவிட்டது.

அந்த அட்டையைத் தயாரித்தவரையும் விற்றவரையும் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரித்து வைத்தது என் கைதான். ஆனால் இந்தப் பொருளைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது விலங்கைக் கொல்வதில்லை; கொல்லும் வேலையைப் பசிக்கும் தாகத்துக்கும் பயத்துக்கும் விட்டுவிடுகிறது. அதற்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். எது வந்து ஒட்டுகிறது என்ற தேர்வும் அதற்குக் கிடையாது. பல்லி, அரணை, வழி தவறி உள்ளே வந்த சிட்டுக்குருவி எல்லாம் அதற்கு ஒன்றுதான். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. இந்தப் பசைப் பொறிகளைத் தடை செய்யுமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் 2011ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அதன் பிறகும் எனக்கு இது எந்தத் தடையும் இல்லாமல் கடையில் கிடைத்தது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

அன்று மாலையே பாத்திரக் கடைக்குப் போனேன். கடைப் பெரியவர் கூண்டை இறக்கிக் கொடுத்தபோது, உள்ளே வடை வைக்கலாமா என்று கேட்டேன். "வடையெல்லாம் வேண்டாம்மா, எறும்புதான் வந்து மொய்க்கும். தேங்காய்ச் சில்லை நெருப்புல வாட்டி வைங்க. கூண்டைக் கண்டதும் அன்னிக்கே எலி வந்துடும்னு நெனைக்காதீங்க, அது ரெண்டு நாள் நம்மளைப் பார்க்கும்" என்றார். எந்த விளக்கத் தாளைவிடவும் இந்தச் சொற்கள் எனக்குப் பயன்பட்டன.

கூண்டின் அமைப்பு இதுதான். ஏறத்தாழ ஓர் அடி நீளம், அரை அடி அகலம், அரை அடி உயரம். ஒரு பக்கத்தில் மேல்நோக்கித் திறக்கும் கதவு. அதைக் கீழே அறைந்து மூட ஒரு சுருள்வில். கதவிலிருந்து ஒரு நீண்ட கம்பி கூரைமேல் குறுக்காக ஓடி, மறுமுனையில் இருக்கும் கொக்கியில் போய் மாட்டிக் கொள்கிறது. அந்தக் கொக்கியின் கீழ்ப்பாகம் கூண்டுக்குள் தொங்கும். இரையைக் குத்தி வைப்பது அதில்தான். எலி இரையை இழுத்தால் கொக்கி சாயும், கம்பி நழுவும், கதவு விழும். கம்பியின் நுனி கொக்கியில் எவ்வளவு தங்குகிறது என்பதில்தான் எல்லா நுட்பமும் அடங்கியிருக்கிறது. ஆழமாக மாட்டினால் எலி தேங்காயைச் சாவகாசமாகத் தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். மேலோட்டமாக மாட்டினால் யாராவது பக்கத்தில் நடந்தாலே கதவு விழுந்துவிடும். நகக்கண் அளவு தங்கினால் சரியாக இருக்கிறது. இந்த அளவு கைக்குப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எலி புதுப் பொருளைக் கண்டால் அஞ்சும் விலங்கு. ஆகவே முதல் மூன்று இரவுகள் கதவை நூலால் தூக்கிக் கட்டிவிட்டு, உள்ளே இரையை மட்டும் வைத்தேன். முதல் இரவு எதுவும் தொடப்படவில்லை. இரண்டாம் இரவு வாசலருகே போட்டிருந்த துண்டு மட்டும் போயிருந்தது. மூன்றாம் இரவு கொக்கியில் இருந்ததும் போய்விட்டது. நான்காம் இரவு நூலை அவிழ்த்தேன். கூண்டை வைக்கும் இடத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எலி நடுக்கூடத்தில் ஓடாது. மீசை மயிர் சுவரில் உராய ஓரமாகவே ஓடும். அது நாள்தோறும் போய்வரும் வழியில், உடம்பின் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உத்திரத்திலும் சுவர் மூலையிலும் கறுப்பாக ஒரு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடத்தின் மேல், சுவரை ஒட்டி, கதவு எலி வரும் திசையைப் பார்க்கும்படி கூண்டை வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் முதல் எலி உள்ளே இருந்தது. உடலைவிட வால் நீளமான, பெரிய காதுகள் உடைய வீட்டெலி. பரணிலும் கூரையிலும் ஏறித் திரிவது இந்த வகைதான். கூண்டுக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ்ப்பல் மஞ்சளாக, உளி முனை போல இருந்தது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து கொண்டே இருப்பவை. அந்தப் பல்லால் அது கம்பியைக் கடித்துப் பார்த்திருக்கிறது; துத்தநாகப் பூச்சு உரிந்து நான்கு இடங்களில் இரும்பு தெரிந்தது. கம்பி வளையவில்லை. 270 ரூபாய்க்கு இந்த உறுதி போதுமானது.

சுண்டெலிக்கு இந்தக் கூண்டு உதவாது என்பதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும். கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு கதவு விழும் ஓசை கேட்டு ஓடிப் போனேன். உள்ளே கட்டைவிரல் அளவு சுண்டெலி ஒன்று, விளக்கொளியில் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வலைக் கண்ணில் தலையை நுழைத்தது. தலை போன இடத்தில் உடம்பும் வழிந்தோடுவது போலப் போய்விட்டது. சுண்டெலிக்குக் கால் அங்குல இடைவெளியே போதும். என் கூண்டின் வலைக்கண் அரை அங்குலம். சுண்டெலித் தொல்லை உள்ளவர்கள் நெருக்கமாகப் பின்னிய வலை வைத்த கூண்டையோ, பலகையால் அடைத்த மரப்பெட்டிப் பொறியையோ வாங்க வேண்டும். எது இருக்கிறது என்பதைப் புழுக்கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சீரகம் அளவில் இருந்தால் சுண்டெலி, அரை அங்குலம் இருந்தால் எலி.

இந்தக் கூண்டை நான் இவ்வளவு மதிப்பதற்கு முதன்மையான காரணம், வந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க அது நமக்கு இடம் கொடுக்கிறது என்பதுதான். தை மாதத்தில் தேங்காய் தீர்ந்துபோன ஒரு நாள், கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொக்கியில் வைத்தேன். மறுநாள் உள்ளே மூஞ்சூறு இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் கருவாடு, அதே விளைவு. தேங்காய் எலியை அழைக்கிறது, கருவாடு மூஞ்சூற்றையும் சேர்த்து அழைக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. நீண்டு கூர்ந்த மூக்கு, மிளகு போன்ற சிறு கண்கள், விலாப் பக்கத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் அந்தக் கனத்த வாடை ஆகியவற்றால் அதை உடனே அடையாளம் காணலாம். அது வயரைக் கடிப்பதில்லை, சாக்கைத் துளைப்பதில்லை. இரவெல்லாம் சுவரோரம் ஓடிக் கரப்பானையும் பூச்சியையும் தின்கிறது. பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிடும் கையே அதை எலி என்று நினைத்து விளக்குமாற்றால் அடிக்கிறது என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் கூண்டின் கதவைத் தூக்கினேன். வெளியே வந்த மூஞ்சூறு ஓடிவிடவில்லை. கல்தொட்டியின் அடியில் போய் நின்று, மூக்கை இப்படியும் அப்படியும் சுழற்றி மோந்து பார்த்துவிட்டு, தொட்டியை ஒட்டியே நடந்து விறகுக் குவியலுக்குள் நுழைந்தது. பங்குனியில் அதே விறகுக் குவியலிலிருந்து ஒரு தாய் வெளியே வந்ததைப் பார்த்தேன். அதன் வாலடியை ஒரு குட்டி கவ்வியிருந்தது; அந்தக் குட்டியின் வாலடியை அடுத்த குட்டி. இப்படி நான்கு குட்டிகள் ஒரே கயிறு போல வளைந்து வளைந்து தொட்டிக்குப் பின்னால் போயின. நான் விட்ட மூஞ்சூறுதானா என்று சொல்ல முடியாது. ஆனால் பசை அட்டையை மட்டும் தொடர்ந்து வைத்திருந்தால் அந்த வரிசையை நான் பார்த்திருக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். மூஞ்சூறு பசி தாங்காது. விடிந்ததும் கூண்டைப் பார்க்க முடியாதவர்கள் இரவில் அதை வைக்கவே கூடாது. பகலில் கதவைக் கட்டி வைப்பதும் அவசியம். இல்லையென்றால் தேங்காய்க்கு அணில் வந்துவிடும். என்னிடம் அகப்பட்ட இரண்டு அணில்களும் என் மறதியால் அகப்பட்டவை.

பிடித்த எலியை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கூண்டு விடை தருவதில்லை. எங்கள் தெருவில் வழக்கம், கூண்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துவது. என்னால் அது முடியவில்லை. முதல் எலியைத் தெருமுனையில் இருக்கும் காலி மனையில் விட்டேன். அதன் இடது காதில் பிறை போல ஒரு கிழிசல் இருந்தது. நான்கு நாள் கழித்து அதே கிழிந்த காதோடு அது திரும்பக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் முறை ஸ்கூட்டரில் கூண்டை வைத்துக்கொண்டு, அரசலாற்றுக்கு அப்பால், வீடும் வயலும் இல்லாத கருவேலம் புதர்ப் பக்கம் போய் விட்டேன். அங்கே சாரைப்பாம்பும் கூகையும் உண்டு. எலி அவற்றுக்கு இரையாவது அந்த இடத்தின் வழக்கம். இதைக் குறையற்ற தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் வீட்டருகிலோ நெல் வயலிலோ விடுவது நம் தொல்லையைப் பிறர் தலையில் ஏற்றுவது ஆகும். கொன்றுதான் ஆக வேண்டும் என்று முடிவு செய்பவர்கள், தண்ணீரில் அமிழ்த்துவதைவிட ஒரே அடியில் முடித்துவிடும் அடிப்பொறியை வாங்குவது மேல். ஆனால் சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் கை எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும்.

மருந்து வைத்தால் வேலை எளிதாக முடியுமே என்று பலரும் சொன்னார்கள். பூச்சி ஒழிப்புச் சேவை ஒன்றும் அதற்கு 1,800 ரூபாய் கேட்டது. நான் மறுத்துவிட்டேன். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்த எவருக்கும் அந்தத் துணிவு வராது. பற்பசைக் குழாய் போன்ற வடிவில் முன்பு கிடைத்த மஞ்சள் பாஸ்பரஸ் பசை கல்லீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது சரியான முடிவு. கட்டியாக விற்கும் மற்ற வகை மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்தே எலியைக் கொல்கின்றன. அந்த எலி பரணின் எந்த இடுக்கில் செத்துக் கிடக்கிறது என்று நாற்றத்தை வைத்துத்தான் தேட வேண்டும். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்த நஞ்சு போய்ச் சேரும்.

கூண்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். கம்பிகளின் வெட்டுமுனைகள் மழுக்கப்படவில்லை. இரை வைக்கும்போது என் ஆள்காட்டி விரல் கிழிந்தது. எலியின் சிறுநீர் பட்ட கம்பி கீறினால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு என்பதால், இது சிறு குறை அன்று. அரம் கொண்டு முனைகளைத் தேய்த்த பிறகே பயன்படுத்துங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அகப்பட்ட ஒவ்வொரு முறையும் கூண்டை வெளியே வைத்துப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். அடுத்த குறை, சுருள்வில் எட்டு மாதத்தில் தளர்ந்துவிட்டது. ஆடி மாதத்தில் ஒரு பெரிய எலி, விழுந்த கதவை மூக்கால் நெம்பித் தூக்கிக்கொண்டு வெளியேறியதை நானே பார்த்தேன். 20 ரூபாய்க்கு வேறு சுருள்வில் மாட்டியதும் சரியாகிவிட்டது. தூக்கிச் செல்லும் பிடி வலைக்கு மிக அருகில் இருப்பதால், எலி உள்ளே இருக்கும்போது விரலுக்குப் பாதுகாப்பு இல்லை. நான் பிடியில் ஒரு முழம் கயிறு கட்டி, அதைப் பிடித்துத்தான் தூக்குகிறேன்.

எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும் வழியை அடைக்காவிட்டால் அடுத்த எலி வரும். மூன்று வாரத்தில் ஒரு பெண் எலி ஈன்றுவிடும். நம் ஒரு கூண்டு அதற்கு ஈடு கொடுக்காது. மாமியார் சொன்னபடி சிமெண்டுடன் கண்ணாடிச் சில்லுகளைக் கலந்து சமையற்கட்டின் மூன்று ஓட்டைகளையும் அடைத்தோம். சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போட்டோம். அரிசி தகர டப்பாவுக்குப் போனது. அதன் பிறகு மாதத்துக்கு ஒன்று என்பதே அரிதாகிவிட்டது. கடைசி எலி அகப்பட்டது ஆவணியில்.

அதே கடையில் ஒரே இரவில் பல எலிகளைப் பிடிக்கும் பெரிய கூண்டும் 650 ரூபாய்க்கு இருக்கிறது. உள்ளே போகலாம், வெளியே வர முடியாத ஊசல் கதவு அதற்கு. அரிசி மண்டிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அது பயன்படலாம். ஒரு வீட்டுக்குத் தேவையில்லை. சிறிய கூண்டை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கதவைப் பத்து முறை தூக்கி விட்டுப் பாருங்கள். ஒரு முறையாவது பாதியில் நின்றால் வேறொன்றை எடுங்கள். கொக்கியை விரலால் மெல்லத் தொடும்போதே கதவு விழ வேண்டும். வலைக்கண்ணில் உங்கள் சுண்டுவிரல் முழுதாக நுழையுமானால், உங்கள் வீட்டில் சுண்டெலி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.